ரயிலுக்குக் ‘கவச்’, தண்டவாளத்தில் நிற்பவருக்கு?

அரியலூரிலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் தண்டவாளம், ஊர் எல்லையைத் தாண்டிய சிறிது நேரத்தில் மருதையாற்றைக் கடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் ஆறு அது. 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில் அது அப்படிக் கிடக்கவில்லை. தொடர்மழையில் பெருகிய வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரைமண்ணை அரித்திருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டியின் எஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர்.

அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன்பு மகபூப்நகரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதே அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். தமிழ்நாட்டிலோ, துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனின் பெயரோடு அரியலூரைச் சேர்த்து அடுத்த தேர்தலில் முழக்கமே எழுந்தது. போட்டித் தேர்வு நூல்களில் இன்றும் அரியலூர் ஓர் அமைச்சரின் அறத்திற்கான சான்றாகவே இடம்பெறுகிறது. அந்த ஆற்றில் இறந்தவர்கள் எந்த நூலிலும் இல்லை. அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உருவாக்கப்பட்ட நாளும் 2007ஆம் ஆண்டின் அதே நவம்பர் 23தான். யாரும் எண்ணிச் செய்திருக்க மாட்டார்கள். மறந்திருந்தால்தான் அப்படியொரு நாளைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்.

இந்தப் பழைய கதையை இப்போது நாம் எடுப்பதற்குக் காரணம், ஒவ்வொரு ரயில் விபத்திற்குப் பிறகும் நாடாளுமன்றத்தில் ஒலிக்கும் ‘கவச்’ என்ற சொல். அந்தத் தொழில்நுட்பம் நாடு முழுவதும் வந்துவிட்டால் விபத்துகள் ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கை ஊட்டப்படுகிறது. அந்தத் தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவில்லை. விரைந்து வரவேண்டும் என்றே கோருகிறோம். ஆனால் மருதையாற்றுப் பாலத்தின் முன்னால் அன்று கவச் இருந்திருந்தால் அந்த வண்டி நின்றிருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. நின்றிருக்காது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவச், லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனமான ஆர்.டி.எஸ்.ஓ. உள்நாட்டு நிறுவனங்களுடன் இணைந்து உருவாக்கிய தானியங்கிப் பாதுகாப்பு முறை. பயணி வண்டிகளில் அதன் சோதனை 2016இல் தொடங்கியது. 2020இல் அது தேசிய முறையாக ஏற்கப்பட்டது. தண்டவாளத்தின் குறுக்குக்கட்டைகளில் சிறு மின்னணு அட்டைகள் பதிக்கப்படுகின்றன. எஞ்சின் அவற்றின் மேல் செல்லும்போது தான் எந்த இடத்தில், எந்தத் தடத்தில் இருக்கிறது என்பதை அறிகிறது. நிலையத்தில் உள்ள கருவி, முன்னால் உள்ள சிக்னலின் நிறத்தையும் தடத்தின் நிலையையும் வானொலிக் கோபுரம் வழியாக எஞ்சினுக்குச் சொல்கிறது. சிவப்பைத் தாண்டி ஓட்டுநர் செல்ல முற்பட்டாலோ, வேக வரம்பை மீறினாலோ, கருவி தானாகவே பிரேக் போடுகிறது. பனிமூட்டத்தில் ஓட்டுநரின் கண்ணெதிரே உள்ள திரையில் சிக்னல் தெரிகிறது. லெவல் கிராசிங் நெருங்கும்போது தானே ஊதுகிறது. நாடாளுமன்றத்தில் அரசு அளித்த கணக்குப்படி, தண்டவாளம் மற்றும் நிலையத்திற்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 50 லட்சம் ரூபாயும், ஓர் எஞ்சினுக்குச் சுமார் 80 லட்சம் ரூபாயும் செலவாகும்.

இதில் ‘பொருந்துதல்’ என்பது பெரிய சிக்கல். எஞ்சின் ஒரு நிறுவனத்தின் கருவியோடு வரும். நிலையம் இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு இருக்கும். இரண்டும் ஒரே மொழி பேசவேண்டும். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு முறைகள் இருந்தன. எல்லை கடக்கும் எஞ்சின் பல கருவிகளைச் சுமக்க வேண்டியிருந்தது. அதைத் தீர்க்கவே ‘இ.டி.சி.எஸ்.’ என்னும் பொது முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கும் முறை இருப்பது ஒன்று, இயங்குவது வேறு. 2013 ஜூலையில் ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்கருகே வளைவில் வேகமாகத் திரும்பித் தடம்புரண்ட வண்டியில் அந்தக் கருவி அணைக்கப்பட்டிருந்தது. தண்டவாளத்திலும் அந்த முறை வளைவுக்குச் சில கிலோமீட்டர் முன்பே முடிந்திருந்தது. ஏறத்தாழ 80 பேர் இறந்தனர்.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. கொங்கண் ரயில்வே உருவாக்கிய மோதல் தடுப்புக் கருவி வடகிழக்கில் பொருத்தப்பட்டது. தேவையற்ற இடங்களில் பிரேக் போட்டதால் கைவிடப்பட்டது. சென்னை–கும்மிடிப்பூண்டித் தடத்தில் 2008இல் ஐரோப்பிய முறையை ஒட்டிய எச்சரிக்கை அமைப்பு வந்தது. அது புறநகர் மின்வண்டிகளுக்கானது. அதே தண்டவாளத்தில் ஓடும் விரைவு வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் அது தெரியாத மொழி. கவச் மூன்றாவது முயற்சி. அதன் 4.0 பதிப்பின் வரையறை 2024 ஜூலையில்தான் ஒப்புதல் பெற்றது. அதற்குள் தென்மத்திய ரயில்வேயில் 1,400 கிலோமீட்டருக்கு மேல் பழைய பதிப்பு பொருத்தப்பட்டாயிற்று. ஏறத்தாழ 69,000 கிலோமீட்டர் நீளமுள்ள வலைப்பின்னலில் இது எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எஞ்சின், நிலையம், சிக்னல், கோபுரம் ஆகியவை ஒன்றோடொன்று பேசவேண்டும் என்பதில் இத்தனை அக்கறை காட்டப்படுகிறது. காட்டப்பட வேண்டியதே. நம் கேள்வி, இந்த உரையாடலில் யாரெல்லாம் சேர்க்கப்படவில்லை என்பதுதான். தமிழில் ‘கவசம்’ என்று பெயர்பெற்ற பாடல்கள் உச்சந்தலை தொடங்கி உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிக் காக்க வேண்டும். ரயில்வேயின் கவசம் எண்ணிச் சொல்லும் உறுப்புகளில் தண்டவாளத்தில் நடக்கும் கால்கள் இல்லை.

கரைமண் அரித்துப்போன பாலத்தின் முன்னால் சிக்னல் பச்சையாகவே இருக்கலாம். தண்டவாளம் முறியாத வரை மின்சுற்றும் அறுவதில்லை. கருவிக்குத் தடம் நலமாகவே தெரியும். பாலங்களில் நீர்மட்டம் காட்டும் கருவிகள் வந்துள்ளன, அவை உதவும். ஆனாலும் மழைக்காலத்தில் ரயில்வே இன்றுவரை நம்பியிருப்பது இரவில் கைவிளக்கும் டெட்டனேட்டரும் ஏந்தித் தண்டவாளத்தில் நடக்கும் ரோந்துப் பணியாளரைத்தான். 2023 டிசம்பர் 17 இரவு, தென்மாவட்டப் பெருவெள்ளத்தில் செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்பால் தண்டவாளத்தின் ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. சுமார் 800 பயணிகள் இருந்த அந்த வண்டியைக் காத்தது தகவலும், அதை மதித்து வண்டியை நிறுத்திய நிலைய அதிகாரியின் முடிவுமே. 67 ஆண்டுகளுக்கு முன்பு மருதையாற்றில் கிடைக்காமல் போனதும் இதுவே.

தண்டவாளத்தில் நடப்பவர் யார்? ஒரு காலத்தில் ‘கேங்மேன்’ என்றனர். இப்போது ‘டிராக்மேன்’, ‘டிராக் மெயின்டெய்னர்’ என்கின்றனர். அவர்களுள் ‘கீமேன்’ எனப்படுபவர் நாள்தோறும் சுத்தியலோடும் கருவிப்பையோடும் தம் பகுதி முழுவதையும் நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைக்கும் பிடிகளைச் சரிபார்க்கிறார். விழுப்புரம்–திருச்சித் தடம் இன்று இரட்டைப்பாதை, மின்மயமாக்கப்பட்டது. இது முன்னேற்றம். ஆனால் ஒரு தடத்தில் வரும் வண்டிக்கு வழிவிட்டு அடுத்த தடத்திற்கு ஒதுங்குபவரை எதிர்த்திசை வண்டி அடித்துவிடும் அபாயமும் இரட்டைப்பாதையோடு சேர்ந்தே வந்தது. மின்சார எஞ்சினுக்கு டீசல் எஞ்சினின் இரைச்சல் இல்லை. வந்தே பாரத் வண்டியின் வேகத்தில், காதில் விழுந்த பிறகு எடுக்கும் நேரம் இன்னும் குறைகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத், விழுப்புரத்தை விட்டால் திருச்சியில்தான் நிற்கும் என அட்டவணையிடப்பட்டது. அரியலூரில் அது நிற்பதில்லை. அரியலூரின் டிராக்மேன்தான் அதற்காக நிற்கிறார்.

அணுவியல் அறிஞர் அனில் ககோட்கர் தலைமையிலான உயர்மட்டப் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012இல் அளித்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரையிலான காலத்தில் பணியின்போது இறந்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர். காயமடைந்தோர் சுமார் 8,700 பேர். அதே காலத்தில் ரயில் விபத்துகளில் இறந்தோர் சுமார் ஆயிரம் பேர். அதாவது, தலைப்புச் செய்தியான விபத்துகள் எல்லாம் சேர்ந்து கொன்றவர்களைவிட, செய்தியாகாமல் தண்டவாளத்திலும் பணிமனையிலும் இறந்த தொழிலாளர்களே அதிகம். முதன்மைத் தடங்களில் 19,000 கிலோமீட்டருக்கு நவீன சிக்னல் முறையையும், லெவல் கிராசிங்குகளை ஒழிப்பதையும் பரிந்துரைத்தது இதே குழுதான். சிக்னல் பரிந்துரை பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. 1,600 என்ற எண்ணை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

காட்டாததற்கு ஒரு கணக்கியல் காரணமும் உண்டு. ‘பின்விளைவுள்ள ரயில் விபத்துகள்’ 2014-15இல் 135 ஆக இருந்து 2024-25இல் 31 ஆகக் குறைந்துவிட்டன என்று அரசு பெருமிதம் கொள்கிறது. மோதல், தடம்புரளல், தீ, லெவல் கிராசிங் விபத்து போன்றவை அந்தக் கணக்கில் அடங்கும். பணியிலிருந்த ஒரு டிராக்மேனை வண்டி அடித்துச் சென்றால் அது அந்தக் கணக்கில் ஏறாது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை அல்லவா? விபத்து என்ற சொல்லின் வரையறையே வண்டியின் பக்கத்தில் நின்று எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்கு 1938ஆம் ஆண்டைச் சுட்டுவோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ஜி.ஐ.பி. ரயில்வே ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய உரை, பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளர்களின் இரு பகைவர்கள் என்று சொன்ன உரையாகவே நம் மேடைகளில் நினைவுகூரப்படுகிறது. அதே உரையில் அவர் ரயில்வேயின் வேலைப் பிரிவினையைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டினார் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. தீண்டப்படாத தொழிலாளி ரயில்வேயில் பெரும்பாலும் கேங்மேனாகவே வைக்கப்படுகிறார்; சுமைதூக்கும் போர்ட்டர் வேலைகூட அவருக்குக் கிட்டுவதில்லை, ஏனெனில் போர்ட்டரை நிலைய அதிகாரி தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்துகிறார், தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விடமுடியாது. பணிமனைகளிலும் கதவு அடைக்கப்பட்டிருந்தது. வெயிலில் தண்டவாளமும், நிழலில் நிலையமும் என ரயில்வே தன் ஊரையும் சேரியையும் அன்றே அமைத்துக்கொண்டது.

அதன் மிக இழிவான வடிவத்தை நம் தலைமுறையே கண்டது. பெட்டிகளிலிருந்து நேராகத் தண்டவாளத்தில் விழுந்த மலத்தை, நிலையங்களில் கையால் அள்ளியும் துடைப்பத்தால் கூட்டியும் அகற்றியவர்கள் யார் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் தண்டவாளத்தையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. கூடவே, அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உறையும் அணிந்து செய்பவர் மலமள்ளுபவர் ஆகமாட்டார் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. 2014 மார்ச் 27 அன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், தண்டவாளங்களில் இந்த வேலையை ஒழிக்கக் காலவரையறையுள்ள திட்டம் வகுக்க ரயில்வேக்கு ஆணையிட்டது. உயிரிக் கழிவறைகள் பெட்டிகளிலெல்லாம் பொருத்தி முடிக்க 2020ஐ நெருங்கிவிட்டது. தொட்டி வைத்த கழிவறை ஒன்றும் விண்வெளி அறிவியல் அன்று. தேவைப்பட்டது அந்தக் கைகளுக்கு மதிப்புண்டு என்ற முடிவு மட்டுமே. நவீனமயமாக்கல் எந்த வரிசையில் வருகிறது என்பதே அதன் அரசியல்.

வரிசையில் அடுத்து நிற்பவர் கேட் கீப்பர். 2025 ஜூலை 8 காலையில் கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில், திறந்திருந்த லெவல் கிராசிங்கைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணி வண்டி மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தனர். அரியலூர் எந்தத் திருச்சிக் கோட்டத்தில் இருக்கிறதோ அதே கோட்டம். அந்த கேட் ‘இன்டர்லாக்’ செய்யப்படாதது. இன்டர்லாக்கிங் என்பது, கேட் மூடித் தாழிடப்படாவிட்டால் சிக்னல் பச்சையாக மாறவே முடியாதபடி இரண்டையும் பிணைத்துவைக்கும் ஏற்பாடு. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அறிவு. அது இல்லாத இடத்தில், நிலையத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பும் கேட் கீப்பரின் விழிப்பும் மட்டுமே சுவர். அன்றே கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைதானார். அவர் தமிழர் அல்லர் என்ற செய்தி இரண்டு நாள் விவாதத்தை விழுங்கியது.

அவருடைய தவறு விசாரணைக்குரியது. ஆனால் வாரம் 60 மணி, சில வகையினருக்கு 72 மணி வரை பணியாற்றச் செய்யும் ‘இடைவிட்ட வேலை’ என்ற வகைப்பாடு கேட் கீப்பர்களுக்கு உண்டு என்பதை எத்தனை பேர் பேசினார்கள்? வண்டிக்கும் வண்டிக்கும் இடையே அவர் சும்மா இருக்கிறார் என்பது அந்த வகைப்பாட்டின் தருக்கம். விழித்திருப்பது வேலையாகாது போலும். விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சகம், கேட்களில் கேமரா பொருத்தவும், எத்தனை வாகனப் போக்குவரத்துள்ள கேட்டுக்கு இன்டர்லாக்கிங் தேவை என்ற வரம்பைப் பாதியாகக் குறைத்து மேலும் பல கேட்களை உட்படுத்தவும் ஆணையிட்டது. நல்லது. அந்த வரம்பு மூன்று குழந்தைகளின் இறப்புக்கு முன்பே குறைக்கப்பட்டிருக்கலாம்.

பாலாசோரிலும் இதுவே வேறு உருவில் நடந்தது. 2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்த்தடச் சிக்னல் பச்சையாக இருந்தது. பாயிண்ட் லூப் தடத்திற்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு வண்டியில் அது மோதியது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். லெவல் கிராசிங் தடுப்பைப் புதியதாக மாற்றும் பணியில் கம்பி இணைப்பு தவறாக மாற்றப்பட்டது என்றும், 2018இல் நடந்த பழைய மாற்றத்தின் பிழை திருத்தப்படாமல் கிடந்தது என்றும் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை கூறியது. கவச் அத்தடத்தில் இல்லை. இருந்திருந்தாலும் தவறான கம்பி சொல்லும் பொய்யை அது உண்மையென்றே நம்பியிருக்கும். கருவி எவ்வளவு நவீனமோ, அதன் பெட்டியைத் திறந்து கம்பியைத் தொடும் பணியாளரின் பயிற்சியும் ஓய்வும் அவ்வளவு முதன்மையாகின்றன.

அங்கு இறந்தவர்களுள் முன்பதிவில்லாப் பெட்டிகளில் நெருக்கியடித்து வந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பலர். பொதுப்பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் இரு முனைகளில் இணைக்கப்படுகின்றன. மோதலின் முதல் அடியைத் தாங்குபவை அவையே. அப்பெட்டிகளில் பெயர்ப்பட்டியலும் கிடையாது. நான்கு மாதங்கள் கழித்து, 2023 அக்டோபரில், உரிமை கோரப்படாத 28 உடல்களைப் புவனேசுவரத்தில் தகனம் செய்தார்கள். சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் அரியலூர் மாவட்டத்து மக்கள் ஏறுவதும் இத்தகைய பெட்டிதான். அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்கு வடக்கிலிருந்து வரும் தொழிலாளி இறங்குவதும் அதிலிருந்துதான்.

பெரம்பலூரைப் பற்றி எழுத அதிகமில்லை. அங்கே ரயிலே இல்லை. மாவட்டத் தலைநகருக்கு ஒரு நிலையம் கிடையாது. அரியலூர்–பெரம்பலூர்–துறையூர்–நாமக்கல் பாதை தேர்தலுக்குத் தேர்தல் உயிர்பெறும் கோரிக்கை. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அரியலூரில் சுமார் 23 விழுக்காடு. 2004 தேர்தல் வரை பெரம்பலூர் மக்களவைத் தனித்தொகுதியாக இருந்தது. ஒன்றிய அமைச்சரையும் தந்தது. ரயில் மட்டும் வரவில்லை. இன்று அரியலூரும் குன்னமும் சிதம்பரம் தனித்தொகுதியில் உள்ளன. மருதையாற்றுப் பாலத்தை நாடாளுமன்றத்தில் பேசும் கடமையும் அத்தொகுதி உறுப்பினர் தொல். திருமாவளவனைச் சேர்கிறது. நவீனமயம் என்பது இருக்கும் தடத்தை மின்னணுவாக்குவது மட்டும் என்று வரையறுத்துவிட்டால், பெரம்பலூர் அந்த விவாதத்திற்குள் நுழையவே முடியாது.

வேலைவாய்ப்பைப் பார்ப்போம். நெம்புகோல் கேபின்கள் போய் மின்னணு இன்டர்லாக்கிங் வந்தபோது கேபின்மேன், லீவர்மேன் பணியிடங்கள் தேய்ந்தன. புதிய பணிகள் சிக்னல்–தொலைத்தொடர்புத் துறையில் உருவாகின்றன, அவற்றுக்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ, பொறியியல் கல்வி தேவை. இடஒதுக்கீடு இப்பணியிடங்களில் உண்டு. ஆனால் கண்ணாடியிழைக் கம்பிக்குப் பள்ளம் தோண்டுவது, கோபுரம் நிறுவுவது, கருவி பொருத்துவது ஆகியவை ஒப்பந்த நிறுவனங்களிடம் போகின்றன. அங்கே இடஒதுக்கீடு இல்லை. பள்ளம் தோண்டும் வேலை மட்டும் ஒதுக்கீடே இல்லாமல் நம் மக்களுக்குக் கிடைத்துவிடுகிறது.

ரயில்வே பணியிடங்களுக்கான போராட்டத்தில் தெற்கு ரயில்வேக்குத் தனி வரலாறு உண்டு. பதவி உயர்விலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு செல்லும் என்று 1961இல் உச்சநீதிமன்ற அரசியல்சாசன அமர்வு கூறியது ‘தெற்கு ரயில்வே பொது மேலாளர் எதிர் ரங்காச்சாரி’ வழக்கில்தான். ஐவரில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். 1992இல் மண்டல் வழக்கின் தீர்ப்பு அதை மாற்றியது. 1995இல் 77ஆவது சட்டத்திருத்தம் மீட்டது. ஒற்றை வாக்கில் வென்ற அந்த உரிமை இன்று நீதிமன்றத்தால் பறிக்கப்படவில்லை. பணியிடமே ஒப்பந்தமாக மாறும்போது பறிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. செகந்திராபாத்தில் 1957 முதல் இயங்கும் சிக்னல் பயிற்சி நிறுவனமான ‘இரிசெட்’ கவச் பயிற்சி அளிக்கிறது. கவச்சைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சில பொறியியல் கல்வி நிறுவனங்களோடு ரயில்வே உடன்பாடு செய்துள்ளது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுக் கல்லூரிகளையும் ஐ.டி.ஐ.களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கோரும் மனுவை மாணவர் அமைப்புகள் இன்றே எழுதலாம். தண்டவாளத்தில் நடந்தவரின் மகள் சிக்னல் அறையைத் திறப்பவராக வேண்டும். அப்போதும் தண்டவாளத்தில் நடப்பவரின் உயிருக்கு இன்னொரு கருவி வேண்டும்.

அந்தக் கருவி இல்லாமல் இல்லை. ‘ரக்ஷக்’ என்ற பெயரில், வண்டி நெருங்குவதைக் கையிலுள்ள பெட்டி ஒலியாலும் அதிர்வாலும் டிராக்மேனுக்குச் சொல்லும் கருவி சில இடங்களில் வழங்கப்பட்டுள்ளது. எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைக் கவச் ஒவ்வொரு நொடியும் அறிந்துகொண்டே இருக்கிறது. அந்த அறிவை நிலையத்திற்கும் இன்னோர் எஞ்சினுக்கும் அனுப்ப முடிகிற வானொலிக்கு, அடுத்த பாலத்தில் நிற்கும் கீமேனுக்கு அனுப்புவது தொழில்நுட்பத்திற்கு எட்டாத வேலையாக இருக்க முடியாது. இரு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்கியவர்களால், அவை தொழிலாளியோடும் பேசவேண்டும் என்பதையும் நிபந்தனையாக்க முடியும்.

பணம் இல்லை என்ற விடையை நாம் ஏற்கத் தேவையில்லை. 2017-18இல் ஐந்தாண்டுகளுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் என்ற அறிவிப்போடு ‘ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்ஷா கோஷ்’ என்னும் பாதுகாப்பு நிதி உருவாக்கப்பட்டது. தடம்புரளல்கள் குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, அந்த நிதியிலிருந்து கால் பிடித்துவிடும் கருவியும் பாத்திரங்களும் வாங்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது. யாருடைய கால்களுக்கு அந்தக் கருவி என்று அறிக்கை சொல்லவில்லை; நாள் முழுவதும் ஜல்லியில் நடந்த கால்களுக்கு இராது.

செய்ய வேண்டியது எளிய ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் திருச்சிக் கோட்டத்திடம் கேட்போம்: விருத்தாசலம்–திருச்சித் தடத்தில் ஒப்புதல் பெற்ற டிராக்மேன் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவற்றில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், கடந்த பத்தாண்டுகளில் பணியின்போது வண்டி மோதி இறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர், எச்சரிக்கைக் கருவி எத்தனை குழுக்களிடம் உள்ளது, கோட்டத்தில் இன்டர்லாக் செய்யப்படாத கேட்கள் எவை, அவற்றில் எட்டு மணி நேரப் பணிமுறை எங்கே உள்ளது, அரியலூருக்கும் கல்லகத்திற்கும் இடையே மழைக்கால இரவு ரோந்துக்கு எத்தனை பேர் ஒதுக்கப்பட்டுள்ளனர். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாள்களில் விடை வரவேண்டும். மருதையாற்றுக்கு வெள்ளம் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது.